காதில் விழாத வரை

வெள்ளிக்கிழமை புனேயிலிருந்து மயிலாப்பூருக்கு வந்து இறங்கியதிலிருந்து சூடாமணி செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்றுதான். அப்பா ராஜகோபாலனின் பிடிவாதத்தை அசைத்துவிட்டாள்.

அண்ணா சாய்நாத்தின் பெண் ஹம்சினிக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை நிச்சயதார்த்தம். அதற்காகத்தான் கணவர் சங்கரனோடும் மகள் அனன்யாவோடும் பிறந்தகத்துக்கு வந்திருந்தாள். வந்தோமா, சாப்பிட்டோமா, புடவையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தோமா என்று இருந்திருக்கலாம். “சித்தப்பாவைக் கூப்பிடலையா?” என்று கேட்டு வைத்தாள். வீடே கப்சிப்பென்று ஆகிவிட்டது.

சித்தப்பா என்றால் நங்கநல்லூர் நீலகண்டன். அப்பாவுக்கு ஒரே தம்பி. அவர் மகன் சுஹாஸ், கூட வேலை பார்த்த அஸ்வினியைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டான். அஸ்வினி வேறு ஜாதி. அப்பா அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை, வீட்டில் வேறு யாரையும் போகவும் விடவில்லை. “என் மாட்டுப்பொண் வாசப்படி ஏற முடியாத ஆத்துக்கு நானும் வரப்போறதில்லை” என்று நீலகண்டன் சொன்னதோடு சரி. ஒரே ஊரில் இருந்துகொண்டு அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வருஷங்களை ஓட்டிவிட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் பூராவும் சூடாமணி அப்பாவோடு வாதாடினாள், கோபித்துக்கொண்டாள், கொஞ்சம் அழவும் செய்தாள். கடைசியில் அப்பா இறங்கி வந்தார். “சரி, நிச்சயதார்த்தம் முடியட்டும். திங்கட்கிழமை கார்த்தால நங்கநல்லூர் போய் அவனைப் பார்த்துட்டு வரலாம்.”

அவள் அன்று நிம்மதியாகத் தூங்கினாள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு சுஹாஸ் கூப்பிட்டான்.

“அக்கா, பக்கத்துல யாராவது இருக்காளா?”

சூடாமணி பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டாள். “யாரும் இல்லை, சொல்லு.”

“அப்பா போயிட்டார்க்கா.”

அவளுக்கு உடனே ஒன்றும் உறைக்கவில்லை. ‘எங்கே?’ என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

“தூக்கத்துலயே. அஸ்வினி காபி கொண்டு போறச்சேதான் தெரிஞ்சுது.” சுஹாஸ் அழவில்லை. இனிமேல்தான் அழுவான் போலிருந்தது. “உனக்கு மட்டும்தான் சொல்றேன். நீ கல்யாணமாகிப் போனவ, உனக்குப் பத்து நாள் கிடையாது. பெரியப்பாகிட்டயோ சாய் அண்ணாகிட்டயோ சொன்னா நிச்சயதார்த்தம் நின்னுடும். அப்பா இருந்தா அதுக்கு ஒத்துக்கவே மாட்டார்.”

“எப்போ எடுக்கறேள்?”

“நாலரைக்கு ராகு காலம் வந்துடறது. அதுக்கு முன்னாடி, நாலு மணிக்கு. பெரியப்பா முகத்தைப் பார்க்கணும்னா அதுக்குள்ள வந்தாகணும். சொல்றதும் சொல்லாததும் உன் கையில விட்டுட்டேன்க்கா.”

இந்த வழக்கம் இல்லாத வீட்டுக்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பங்காளி வீட்டில் சாவு என்றால் பத்து நாள் தீட்டு, சுபகாரியம் கூடாது. ஆனால் தீட்டு சாவோடு வருவதில்லை, சேதியோடுதான் வருகிறது. காதில் விழாத வரை ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அதனால் கல்யாண வீடுகளில் சாவுச் சேதிகள் தாலி ஏறும் வரை வாசலிலேயே காத்துக்கிடந்ததுண்டு. சேதியைச் சுமப்பவர் பாடுதான் திண்டாட்டம்.

சூடாமணி போனை வைத்தாள். நேராகக் குளியலறைக்குப் போய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். யோசித்துச் செய்யவில்லை. சாவுச் சேதி கேட்டால் தலைக்குக் குளிப்பது என்பது அந்த வீட்டில் பிறந்தவர்களுக்குத் தும்மல் மாதிரி, தானாக வந்துவிடும். மூன்றாவது சொம்பை ஊற்றும்போதுதான் அழுகை வந்தது. சின்ன வயதில் அவளை சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கச்சேரிக்குக் கூட்டிப்போன சித்தப்பா. அந்த மனிதருக்காக வாய்விட்டு அழக்கூட முடியாமல் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள்.

ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, எதிரே மன்னி வத்சலா, ஹம்சினியின் அம்மா.

வத்சலாவின் நிலைமையையும் சொல்லியாக வேண்டும். போன வருஷம் ஹம்சினிக்கு ஒரு சம்பந்தம் நிச்சயம் வரைக்கும் வந்து கலைந்தது. இந்தப் பையன் மெல்போர்னில் வேலை, புதன்கிழமை கிளம்புகிறான், அடுத்த லீவு எப்போதோ. அவன் அம்மாவோ, பெண் பார்க்க வந்த அன்று பூனை குறுக்கே போயிற்று என்று கால் மணி நேரம் காரை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்த மகராசி. இதில் ஒரு சாவும் குறுக்கே வந்தால் கேட்கவே வேண்டாம்.

“ஆறு மணிக்குத்தானே குளிச்சே?” என்றாள் வத்சலா.

“ரொம்ப வேர்த்துது மன்னி.”

வத்சலா துண்டைப் பார்த்தாள். சூடாமணியின் கண்களைப் பார்த்தாள். குளித்தவள் இரண்டு மணி நேரத்தில் மறுபடி தலைக்குக் குளித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று மயிலாப்பூரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். இத்தனை கெட்டிக்காரத்தனமாகப் பால்கனிக் கதவைச் சாத்தியவள் ஈரத்தலை விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டாள்.

வத்சலா அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“யாருன்னு சொல்லாதே.”

“மன்னி, நான்...”

“வாயைத் திறக்காதே சூடா! உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. உனக்கு வேர்த்துது, குளிச்சே. அவ்வளவுதான். ராத்திரி எட்டு மணிக்கு மேல யாரை வேணா சொல்லு. நானும் உன்னோட உட்கார்ந்து அழறேன். அதுவரைக்கும் என் குழந்தையை விட்டுடு.”

சூடாமணி தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்?

கூடத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகள் கடந்து போகும்போது கண்ணாடியை மூக்கில் இறக்கி நிமிர்ந்து பார்த்தார்.

“ஏண்டி மறுபடி ஸ்நானம்?”

“பல்லி விழுந்துடுத்துப்பா.”

“எங்கே விழுந்தது?”

“தோள்ல.”

“எந்தத் தோள்?”

“இடது.”

“இடதா? பேஷ், நல்லதுதான்!” என்று அப்பா திருப்தியோடு பேப்பருக்குத் திரும்பினார். பல்லி விழுந்த பலனிலிருந்து தீட்டுக் கணக்கு வரைக்கும் அந்தக் குடியிருப்பு முழுக்க அவரிடம்தான் சந்தேகம் கேட்கும். சூடாமணிக்கு அந்த நிமிஷம் அவரை நினைத்து அழுகை பொங்கிப் பொங்கி வந்தது. ஓடிப்போய் உள் அறையில் ஹம்சினியின் புடவைக்கு மடிப்பு எடுக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

சாய்நாத் காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டான். வீட்டில் அவள் மனசுவிட்டுப் பேச இருந்த ஒரே ஆள் சங்கரன். மாப்பிள்ளைக்குத் தீட்டும் கிடையாது, பதற்றமும் கிடையாது. மொட்டை மாடியில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“இதுல நீ ஏன் மண்டையை உடைச்சுக்கறே?” என்றார் சங்கரன். “தம்பி அவரோட தம்பி. பேத்தி அவரோட பேத்தி. எது வேணும்னு அவரையே கேட்டுடு.”

“கேட்டா சொன்ன மாதிரி ஆயிடுமே! சொன்ன உடனே அவருக்குத் தீட்டு வந்துடும். அதுக்கப்புறம் ஹம்சினி நிச்சயதார்த்தத்துல அவர் உட்கார முடியாது. கேக்கறதுக்கே வழியில்லைங்கறேன், புரியலையா உங்களுக்கு?”

சங்கரனுக்கு இப்போது புரிந்தது. மெதுவாகச் சொன்னார். “அப்போ நீதான் முடிவு பண்ணணும், அவருக்காக.”

“சொல்லலைன்னா தம்பி முகத்தை இனிமே பார்க்கவே முடியாது. நாளைக்குத் தெரிஞ்சா என்னை மன்னிப்பாரா?”

“சொன்னா, பேத்தி கழுத்துல மாலை விழறதைப் பார்க்க முடியாது. அதுக்கு மன்னிப்பாரா?”

கீழே ஹம்சினியும் அனன்யாவும் சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் கையில் மருதாணி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அப்பா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

“சூடா, நேத்திக்கு நீ சொன்னதையே நினைச்சிண்டு இருந்தேன். திங்கட்கிழமை வரைக்கும் ஏன் காத்திண்டிருக்கணும்? அவனும் இந்தாத்துப் பெரியவன்தானே? இப்பவே ஒரு போன் போட்டு, ‘சாயங்காலம் வந்துடுடா நீலு’ன்னு கூப்பிட்டுடறேன்.” சொல்லிக்கொண்டே போனைக் கையில் எடுத்தார். “அவன் நம்பர் மாறிடலையே?”

சமையலறையில் பாத்திரம் ஒன்று கீழே விழுந்து உருண்டது.

சூடாமணி பாய்ந்து வந்து அப்பாவின் கையிலிருந்த போனைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு விநாடியில், காலையிலிருந்து இங்கேயும் அங்கேயும் ஆடிக்கொண்டிருந்த மனசு நின்றது. தம்பிக்குப் போன் செய்ய எண் தேடும் மனிதரிடம் தம்பி இல்லை என்பதை ஒளித்து வைக்க அவளால் முடியாது. நிச்சயதார்த்தம் நடக்கட்டும். மற்றவர்கள் காதில் விழாமல் இருக்கட்டும். அப்பா தம்பியைப் பார்க்க வேண்டும்.

“போன்ல கூப்பிட்டா நன்னாவா இருக்கும்? இத்தனை வருஷம் கழிச்சுக் கூப்பிடறேள். வாங்கோ, நேர்லயே போயிடலாம். உங்க மாப்பிள்ளை கார் ஓட்டறேன்கறார்.”

அப்பாவின் முகம் மலர்ந்தது. “அதுவும் சரிதான். முறையா வெத்தலை பாக்கு வெச்சே அழைச்சுடறேனே!” என்று எழுந்தார். பெட்டியிலிருந்து ஜரிகை வேஷ்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், நாலு ஆப்பிள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் தானே அடுக்கினார். சாவு வீட்டுக்கு மஞ்சள் குங்குமம் எடுத்து வைக்கும் அப்பாவைத் தடுக்கவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல் சூடாமணி செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

“வத்சலா!” என்று அப்பா உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “நான் நங்கநல்லூர் போய் நீலகண்டனை அழைச்சுண்டு வரேம்மா. சாய்நாத் கேட்டா சொல்லிடு.”

வத்சலா சமையலறை வாசலில் வந்து நின்றாள். காலையிலிருந்து எந்தப் பெயரைக் கேட்கக்கூடாது என்று காதைப் பொத்திக்கொண்டிருந்தாளோ, அந்தப் பெயர் மாமனார் வாயிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்துவிட்டது. அவள் சூடாமணியைப் பார்த்தாள். சூடாமணி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். வத்சலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமனார் சாயங்காலம் மண்டபத்துக்கு வரப்போவதில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கத்தலாம், தடுக்கலாம் என்று சூடாமணி பயந்தாள். வத்சலா தடுக்கவில்லை.

“ஒரு நிமிஷம் இருங்கோப்பா,” என்றாள். “ஹம்சினி! இங்கே வா. தாத்தாவை நமஸ்காரம் பண்ணு.”

“சாயங்காலம் மண்டபத்துல பண்ணப்போறாளே!” என்றார் அப்பா.

“இப்பவும் பண்ணட்டும்.”

மருதாணி காயாத கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹம்சினி வந்தாள். எப்படி விழுவது என்று தெரியாமல் முழங்காலை மடித்து நெற்றியைத் தரையில் வைத்தாள். அப்பா அவள் தலையில் கையை வைத்து, “தீர்க்க சுமங்கலீ பவ!” என்று வாய் நிறையச் சொன்னார். அவள் எழுந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர்.

“அசடே! இன்னிக்கு நிச்சயதார்த்தம்தான். அழறதைக் கல்யாணத்துக்கு வெச்சுக்கோ,” என்று கன்னத்தைத் தட்டிவிட்டு அப்பா படியிறங்கினார். வத்சலா புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கார் ஆழ்வார்பேட்டையைத் தாண்டியது. நந்தனம் சிக்னலில் சொல்லிவிடுவது என்று சூடாமணி முடிவு செய்தாள். நந்தனம் வந்தது, பச்சை விழுந்தது, போயிற்று. சரி, சைதாப்பேட்டையில். அதுவும் போயிற்று. பின் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிற பையன் மாதிரி பேசிக்கொண்டே வந்தார்.

“நீலுகிட்ட ஒண்ணும் பிரச்சினை இல்லை. ‘என்னடா எப்படி இருக்கே’ன்னா போதும், அழுதுடுவான். அந்தப் பொண்ணுகிட்டதான்... பேரென்ன, அஸ்வினியா? அவகிட்ட என்னன்னு ஆரம்பிக்கறது? பெரியவன், நான் மன்னிப்புக் கேட்டா அது சங்கடப்படுமோ?”

“படாதுப்பா.”

“அப்போ கேட்டுடறேன்.”

முன்னால் சங்கரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கண்ணாடியில் அவர் கண் சூடாமணியைப் பார்த்தது. ‘சொல்லு’ என்றது. கிண்டி போய், கத்திப்பாரா மேம்பாலமும் போய்விட்டது. அவளால் முடியவில்லை. மன்னிப்புக் கேட்கப் போகிறவரின் சந்தோஷத்தை இன்னும் ஒரு தெரு, இன்னும் ஒரு திருப்பம் என்று நீட்டித்துக்கொண்டே வந்தாள். கோழைத்தனம்தான், அவளுக்கே தெரிந்தது.

நங்கநல்லூரில் அந்தத் தெரு திரும்பியதும் மூன்றாவது வீட்டு வாசலில் சாமியானா தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். ஓரமாக இரண்டு பேர் உட்கார்ந்து பச்சை மூங்கிலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நிறுத்துங்கோ மாப்பிள்ளை,” என்றார் அப்பா.

சங்கரன் நிறுத்தினார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அந்த மூங்கிலையே பார்த்தார். அந்த வீட்டில் வயதானவர் ஒருவர்தான். கணக்குப் போட அவருக்கு நேரம் ஆகவில்லை. ஆனால் அவர் அசையவில்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. முகத்தைத் திருப்பி நேரே முன்னால் பார்த்துக்கொண்டார்.

காரைக் கண்டுவிட்டு சுஹாஸ் ஓடி வந்தான். ஈர வேஷ்டி, வெறும் மார்பு. ஜன்னல் பக்கம் குனிந்து என்னவோ சொன்னான். ஏற்றியிருந்த கண்ணாடிக்கு வெளியே அவன் வாய் அசைந்தது, முகம் கோணியது. உள்ளே சத்தம் வரவில்லை.

அப்பா அவன் பக்கம் திரும்பவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடி ஜரிகைக் கரையில் விழுந்தது. சூடாமணிக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த நிமிஷம் ‘வண்டியைத் திருப்பு’ என்று அவர் சொன்னால் திரும்பிவிடலாம். இன்னும் எதுவும் அவர் காதில் விழவில்லை. ஆறு மணிக்கு மண்டபத்தில் பேத்திக்குப் பக்கத்தில் உட்காரலாம். அவள் கேட்க முடியாத கேள்வியை அவரே அங்கே உட்கார்ந்து தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் காத்திருந்தாள்.

“அவன் என்னடி சொல்றான்?” என்றார் அப்பா.

“அப்பா...”

“கேக்கறேன்ல? சொல்லு.”

“சித்தப்பா போயிட்டார்ப்பா. இன்னிக்குக் கார்த்தால.”

அப்பா தலையை ஒரு முறை ஆட்டினார். மடியில் இருந்த மஞ்சள் பையை எடுத்து, சீட்டின் மறு ஓரத்தில் தன் மேல் படாமல் தள்ளி வைத்தார். “நேத்திக்கே வந்திருக்கணும்,” என்றார். “நீ சொன்னபோதே கிளம்பியிருக்கணும். பாவி, திங்கட்கிழமைன்னு சொன்னேனே!” வலது கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். சூடாமணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

அவர் கதவைத் திறக்கப் போனபோது சூடாமணியின் போன் அடித்தது. ஹம்சினி.

“எடுக்க வேண்டாம்ப்பா. அப்புறம் நான் பேசிக்கறேன்.”

“எடுக்கலைன்னா குழந்தை பயந்துக்கும். குடு இப்படி.” அப்பா கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். வீட்டு அழுகை அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாது என்று அவருக்குக் கவலை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் சரி செய்துகொண்டு, எப்போதும் போல ஸ்பீக்கரை அமுக்கினார்.

“சொல்லு கண்ணா.”

“எங்கே இருக்கேள் தாத்தா?”

“கத்திப்பாராகிட்ட. ஒரே டிராஃபிக். நீ போய் அலங்காரம் பண்ணிக்கோ. தாத்தாவுக்குக் கொஞ்சம் முழங்கால் வலி, வந்தா வரேன், வராட்டா ஒண்ணும் நினைச்சுக்காதே. தட்டு மாத்திக்கறது நன்னா நடக்கும், போ.”

அந்தப் பக்கம் கதவைத் தாழிடும் சத்தம் கேட்டது.

“தாத்தா, பொய் சொல்லாதீங்கோ.” ஹம்சினி கிசுகிசுவென்று பேசினாள். பக்கத்தில் யாருக்கும் கேட்கக்கூடாது என்று குளியலறைக்குள்ளிருந்து பேசுகிறாள் போலிருந்தது. “அஸ்வினி சித்தி ஸ்டேட்டஸ்ல நங்கநல்லூர் தாத்தா போட்டோ போட்டிருக்கா. கீழே எழுதியிருந்தது. மருதாணி வெச்சிண்டு இருக்கறச்சேயே பார்த்துட்டேன். உங்களுக்கு நமஸ்காரம் பண்றச்சே எனக்குத் தெரியும்.”

சூடாமணி கண்ணை மூடிக்கொண்டாள். பாவம் அஸ்வினி. மாமனார் போன துக்கத்தில் படத்தைப் போட்டிருக்கிறாள். இந்த வீட்டுக் காதுக் கணக்கெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

“யார்கிட்டயும் சொல்லலை தாத்தா. அம்மாகிட்டகூட. எனக்கு யாரும் வாயால சொல்லவும் இல்லை. போன்ல படிச்சதுதான்.” அவள் விசும்பினாள். “படிச்சா, காதுல விழுந்த கணக்கா தாத்தா? நான் சாயங்காலம் மணையில உட்காரலாமா, கூடாதா? நீங்க என்ன சொல்றேளோ அதைத்தான் பண்ணுவேன்.”

ஊருக்கெல்லாம் கணக்குச் சொன்ன ராஜகோபாலன் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே சுஹாஸ் கதவின் கைப்பிடியில் கை வைத்து, பெரியப்பா இறங்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான்.